மச்சானோடு பேசுவதில்லை

ராயபுரம்
2-1-1953

திரு. தாமஸ் அவர்களுக்கு,

கடிதத்தின் தலையில் 'சேசு மரி சூசை' என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். கோபத்தில் எழுதும் கடிதத்துக்குள் அந்தத் திருக்குடும்பத்தை இழுப்பது முறையல்ல.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு பதினாறு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் பத்து வருஷம் நாம் வெறும் சிநேகிதர்கள். இத்தனை காலத்தில் ஒருநாளும் உங்களை 'நீங்கள்' என்று நான் அழைத்ததில்லை. இன்று முதல் அழைக்கிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். ஒருவேளை மறந்திருந்தால் என்று எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அந்த வருஷத்தில் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒரு நோட்டில் தீர்மானம் எழுதுவது என் வழக்கம். பதினோரு வருஷமாக எழுதுகிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? நேற்று உங்கள் வீட்டுப் புத்தாண்டு விருந்தில் உங்கள் தங்கை ஃப்ளோரன்ஸின் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தீர்கள். இருபத்திரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்றீர்கள். காசிமேட்டுக் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற அதே குரலில் என் தீர்மானங்களை ஏலம் விட்டீர்கள்.

"காலைல அஞ்சு மணிக்கு எய்ந்திரிக்கிறது! பதினோரு வருசத்து சரக்கு, ஆனா புத்தம் புதுசு! ஒரு நாள்கூட கை படல! யாரு கேக்கறது? பொடி போடறத வுடறது! நீச்சல் கத்துக்கறது! இங்கிலீஷ் டிக்ஷனரில தினம் பத்து வார்த்தை! வவுத்து வலின்னு பொய் சொல்லி லீவு போடாம இருக்கறது! நாலு பேரு காதுல வுழுற மாதிரி பேசறது! மொத்தமா எடுத்தா கூடை இனாம்!"

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று நீங்கள் கத்தியபோது என் மனைவியே கையைத் தூக்கி நீச்சலுக்கு அரையணா கேட்டாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே இந்த வருஷப் பட்டியலின் தலையில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: '1953ஆம் வருஷம் முழுதும் மச்சான் தாமஸோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை.' பேச்சுக்குத்தான் தடை, எழுத்துக்கு இல்லை. சிரித்தவர் எவரோ அவரே பார்க்கவேண்டும் என்பதற்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் முன்னேற்றத்தைத் தபாலில் உங்களுக்குத் தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
ம. ஞானப்பிரகாசம்
டாலி கிளார்க், துறைமுகம்


காசிமேடு
5-1-1953

அன்புள்ள மாப்ளே ஞானம்,

கடிதம் வந்தது. உறையை நீ ஒட்டவில்லை, தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். என்னைக் கட்டின பாவத்துக்கு ரோசி பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள், அதனால் இது நல்ல தமிழாக இருக்கும். நடுவில் ஏதாவது கலீஜாக வந்தால் அவள் அடுப்பைப் பார்க்க எழுந்துபோன நேரத்தில் நான் எழுதினது என்று வைத்துக்கொள்.

விளையாட்டுக்குச் செய்தேன். இவ்வளவு ரோஷம் வரும் என்று தெரிந்திருந்தால் நாற்காலிமேல் ஏறாமல் கீழே நின்றே செய்திருப்பேன். (இதை அடிக்கச் சொன்னாள் ரோசி. நான் அடிக்கவில்லை.)

ஒரே ஒரு சந்தேகம். நீ பேசினாலே பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. கல்யாணத்தன்று கோயிலில் "சம்மதம்" என்று நீ சொன்னதைச் சாமியார் மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? அப்படிப்பட்டவன் என்னோடு பேசாமல் இருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி வரைகூடத் தாங்கமாட்டாய். இன்னா பந்தயம்?

உன்
தாமஸ்


ராயபுரம்
6-4-1953, ஈஸ்டர் திங்கள்

திரு. தாமஸ் அவர்களுக்கு,

முதல் காலாண்டு அறிக்கை.

ஐந்து மணிக்கு எழுவது: பதினோரு நாள் எழுந்தேன். அதில் நாலு நாள் எழுந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன் என்று ஃப்ளோரன்ஸ் சொல்கிறாள். அவள் சாட்சியை இப்போது நான் ஏற்பதில்லை. பொடியைத் தபசுகாலம் நாற்பது நாளும் தொடவில்லை. நேற்று ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் படி இறங்குவதற்குள் ஒரு சிட்டிகை போட்டேன். நாற்பது நாள் பாக்கியெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. இருபத்தாறு தும்மல். அகராதியில் 'ஏ' எழுத்து முடிந்து 'பி' ஆரம்பித்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் 'ஏ'யிலிருந்தே தொடங்குவதால் அந்த எழுத்தில் இப்போது என்னை யாரும் அசைக்க முடியாது. நீச்சலுக்காக ராயபுரம் கடலில் இடுப்பளவு இறங்கினேன். ஒரு அலை வந்தது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. இந்த அறிக்கையைப் பழைய கண்ணாடியில் எழுதுகிறேன்.

ஆனால் முதல் தீர்மானம் தொண்ணூற்றாறு நாள் சுத்தமாக நின்றிருக்கிறது. அதைக் கெடுக்க நீங்கள் செய்த வேலைகளையும் பதிவு செய்கிறேன். பிப்ரவரியில் மின்ட்டிலிருந்து டிராம் ஏறியபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கால்மேல் உங்கள் காலை வைத்து, ராயபுரம் வரை எடுக்கவேயில்லை. "சார், ஒங்க காலு நசுங்கிகினு கீது" என்று எதிரில் இருந்தவர்கூடச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் என் அலுவலக வாசலில் நின்று "ஞானம், ஒன் வூட்டுக் கூரை பத்திக்கிச்சுடா!" என்று கத்தினீர்கள். நான் இருப்பது ஓட்டு வீடு.

இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

ம. ஞானப்பிரகாசம்


காசிமேடு
14-4-1953

அன்புள்ள மாப்ளே,

கண்ணாடி விஷயம் படித்து ரோசி வருத்தப்பட்டாள். நான் சிரித்தேன், பிறகு வருத்தப்பட்டேன்.

சரி, உண்மையைச் சொல்கிறேன். நீ இத்தனை நாள் தாங்குவாய் என்று நான் நினைக்கவில்லை. டிராமில் நீ கால் வலியோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போது எனக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் பயம் வந்தது. இவன் நிஜமாகவே பேசமாட்டான் போலிருக்கிறதே என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ பொடி வாங்கப் போவாய், நான் கூட வருவேன், போகிற வழியெல்லாம் நான் பேச நீ முணுமுணுப்பாய். இப்போது தனியாகப் போய்வருகிறேன். எனக்குப் பொடிப் பழக்கம்கூடக் கிடையாது, சும்மா அந்தக் கடைவரை போய்த் திரும்புகிறேன்.

வேறு சமாச்சாரம் ஒன்றுமில்லை. பத்து நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது. ரோசி மிளகு போட்டுக் கஷாயம் தருகிறாள். நேற்று ஏலத்தில் பாதியில் குரல் நின்றுவிட்டது. மீன் வாங்க வருகிற சொக்கம்மாள் இருக்கிறாளே, அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னா அண்ணே, தவளைய முழுங்கிட்டியா? முன்ன வெல சொன்னா ராயபுரம் ஸ்டேசன்ல ரயிலு நிக்கும், இப்ப ஈ கூட நிக்க மாட்டேங்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது.

தாமஸ்


ராயபுரம்
1-7-1953

திரு. தாமஸ் அவர்களுக்கு,

அரையாண்டு அறிக்கை சுருக்கமானது. எழுதும்படி எதுவும் நடக்கவில்லை.

உரக்கப் பேசும் தீர்மானத்தில் பின்னடைவு. போன வாரம் கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது நான் எண்ணிக்கை சொல்லச் சொல்லப் பெரிய கிளார்க் பாஸ்கர் குறித்துக்கொள்ளவேண்டும். "நூற்றிருபது" என்றேன். அவர் "என்னய்யா?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி "என்னய்யா?" கடைசியில் கையைப் பிடித்து உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். தளத்தில் இருந்த கூலிகள் எல்லாரும் பார்த்தார்கள். மறுநாள் வயிற்று வலி என்று லீவு போட்டேன். அந்தத் தீர்மானமும் போயிற்று.

உங்கள் தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று ஃப்ளோரன்ஸ் சொன்னாள். மூன்று மாதம் கஷாயம் குடித்தது போதும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும். இது மைத்துனர் என்ற முறையில் சொல்வது. சபதம் அப்படியே இருக்கிறது.

ம. ஞானப்பிரகாசம்


காசிமேடு
9-7-1953

அன்புள்ள மாப்ளே,

போனேன். டாக்டர் வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். குரல் வருகிற இடத்தில் பட்டாணி அளவு ஒரு முடிச்சு இருக்கிறதாம். இருபது வருஷம் கத்தினதற்குக் கிடைத்த கூலி. மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். இருமக்கூட யோசித்துத்தான் இரும வேண்டுமாம். முடிச்சு தானாகக் கரைந்தால் சரி, இல்லாவிட்டால் வெட்டவேண்டும்.

"அந்த ஆளு பேசாம இருப்பாரா?" என்று டாக்டர் ரோசியிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், அழுதாள்.

பார்த்தாயா, உனக்குச் சபதம், எனக்கு டாக்டர். ஒரு குடும்பத்தில் ரெண்டு ஊமை. ரோசி ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நேற்று குழம்பில் உப்பு இல்லை என்று எழுதிக் காட்டினேன், 'இல்லை'க்கு எந்த லை என்று திருத்தினாள்.

கட்டுமரக்காரர்கள் ஒரு வாரம் பொறுப்பார்கள். அப்புறம் வேறு ஆளை வைப்பார்கள், அவர்கள்மேல் தப்பில்லை. மீன் காத்திருக்காது. ஏலம் விடுகிறவனுக்குக் குரல் இல்லை என்றால் அவன் கடற்கரையில் சும்மா நிற்கிற ஒரு ஆள்.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. சும்மா சொன்னேன்.

தாமஸ்


ராயபுரம்
10-7-1953

திரு. தாமஸ் அவர்களுக்கு,

திங்கட்கிழமை காலை முதல் ஏலம் நான் விடுகிறேன். கட்டுமரங்கள் கரைக்கு வரும்போது அங்கே இருப்பேன். ஏழரைக்கு முடிந்தால் எட்டரைக்கு அலுவலகம் போய்விடலாம்.

நிபந்தனைகள்: நீங்கள் சிலேட்டோடு என் வலதுபக்கம் நிற்கவேண்டும். மீனின் பெயரையும் ஆரம்ப விலையையும் அதில் எழுதவேண்டும். நான் சிலேட்டைத்தான் பார்ப்பேன், உங்கள் முகத்தை அல்ல. ஏலத்தில் நான் சொல்வதெல்லாம் வாங்க வந்தவர்களிடம் சொல்வதே தவிர உங்களிடம் அல்ல. இது சபதத்தை மீறியதாகாது. யோசித்துப் பார்த்துவிட்டேன்.

என் குரலைப் பற்றி நீங்கள் எழுதப்போவதை நானே எழுதிவிடுகிறேன். தெரியும்.

ம. ஞானப்பிரகாசம்


காசிமேடு
19-7-1953, ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

வாரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்றும் சொல்ல முடியவில்லை. சிலேட்டில் இடமில்லை. அதனால் ஒன்றுவிடாமல் இங்கே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நீ கோட்டு போட்டுக்கொண்டு வந்தாய். கடற்கரைக்கு. ஒரு கூறு சங்கரா மீன் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, ஏதோ சொன்னாய். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. சொக்கம்மாள் குனிந்து மீனைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "யோவ், மீனு காதுல ரகசியம் சொல்லிகினு கீறியா? அது செத்துப்போச்சுய்யா, எங்கையில சொல்லு!" என்றாள். உன் முகம் அந்தச் சங்கரா மாதிரியே சிவந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டாய். என் முகத்தைப் பார்க்காமலேதான்.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கேட்டது. ஆனால் அகராதியை எடுத்துவிட்டாய். "அபண்டன்ட்! அபண்டன்ட்!" என்று சொன்னாய். "அது இன்னா மீனு? எங்கயும் கண்டதில்லையே" என்று நாலு பேர் வந்து தேடினார்கள். வியாழக்கிழமை ஒரு கூறு வவ்வால் மீனை மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டு, யாருக்கு விட்டோம் என்று உனக்கே தெரியவில்லை. ரெண்டு பேர் கூடையைப் பிடித்து இழுத்தார்கள்.

வெள்ளிக்கிழமைதான் விஷயம். சொக்கம்மாள் வஞ்சிரத்துக்குப் பாதி விலை கேட்டாள். நான் இருந்தால் கேட்டிருக்கமாட்டாள், நீ வாயில்லாப்பூச்சி என்று கேட்டாள். நீ சிலேட்டைப் பார்த்தாய். பிறகு திடீரென்று, "பேஜாரு பண்ணாதம்மா! ராத்திரியெல்லாம் கடல்ல கெடந்து புடிச்சிகினு வந்தவன் வூட்ல புள்ளைங்க இல்லியா? வஞ்சிரம்! வஞ்சிரத்துக்கு வஞ்சிரம் வெல சொல்லு!" என்று ஒரு சத்தம் போட்டாய். காக்காயெல்லாம் எழுந்து பறந்தது. அந்தச் சத்தம் உன்னுடையதா என்று நீயே திரும்பிப் பார்த்தாய். சொக்கம்மாள் மூக்கில் விரல் வைத்துக்கொண்டு முழு விலை கொடுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, டாக்டர் சிரிக்கவும் கூடாது என்றிருக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பை அடக்கினதால்தான்.

தாமஸ்

பி.கு.: வெள்ளிக்கிழமையிலிருந்து நீ எனக்குக் கொஞ்சம் பயம் காட்டுகிறாய்.


ராயபுரம்
13-9-1953

தாமஸுக்கு,

காலாண்டு முடிய இன்னும் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

தினமும் நாலு மணிக்கு எழுகிறேன். ஐந்து மணிக்கு எழுவதாகத்தான் தீர்மானம், ஆகையால் இது வெற்றியா தோல்வியா என்று எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் என் மேஜைப்பக்கம் யாரும் வருவதில்லை, மீன் நாற்றம் என்கிறார்கள். போன வாரம் தாமதமாகப் போனபோது, வயிற்று வலி என்று சொல்லாமல், "கடற்கரையில் மீன் ஏலம் விட்டுவிட்டு வருகிறேன்" என்று பாஸ்கரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "வயித்து வலின்னே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். நேற்று கப்பலில் எண்ணிக்கை சொன்னபோது காதைப் பொத்திக்கொண்டு, "எனக்குக் காது கேக்கும், மெதுவா சொல்லுங்க" என்றார். வீட்டிலும் அப்படித்தான். உப்பு கேட்டால் அடுத்த வீட்டிலிருந்து கொண்டுவந்து தருகிறார்கள்.

முடிச்சு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. சிலேட்டிலும் மீன் விலையைத் தவிர எதுவும் எழுதமாட்டேன் என்கிறாய். இப்போதெல்லாம் கொஞ்சம் ஓரமாகத்தான் உன் முகத்தைப் பார்க்கிறேன், முழுதாக அல்ல. அது நன்றாக இல்லை.

ஞானம்


காசிமேடு
27-9-1953

அன்புள்ள மாப்ளே,

'நீங்கள்' போய் 'நீ' வந்திருப்பதை ரோசிதான் முதலில் கவனித்தாள். கடிதத்தை ரெண்டு தரம் வாசித்தாள்.

முடிச்சு கரையவில்லை. அக்டோபர் அஞ்சாம் தேதி திங்கட்கிழமை வெட்டப்போகிறார்கள். டாக்டர் நல்ல மனுஷர், மறைக்கவில்லை. "பிழைப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். குரல் பழையபடி வருமா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது" என்றார்.

ரோசி இப்போது பக்கத்தில் இல்லை, கோயிலுக்குப் போயிருக்கிறாள். அதனால் கேட்டுவிடுகிறேன். இத்தனை வருஷம் நான் பேசிகினே இருந்தேன், நீ என்ன சொன்னேன்னு காது கொடுத்துக் கேட்டதில்ல. இந்த மூணு மாசமா வாயை மூடிகினு கீறேன், ஆனா நீ பேசமாட்டேன்றே. ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்கு முன்ன ஒரே ஒரு வார்த்தை சொல்லு மாப்ளே. இன்னான்னாலும் சரி. "போடா"ன்னாலும் சரி.

தாமஸ்


ராயபுரம்
1-10-1953

அன்புள்ள மச்சான்,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

பதினோரு வருஷத்தில் எழுபதுக்கும் மேல் தீர்மானம் எழுதியிருப்பேன். ஒன்றும் நிற்கவில்லை. அன்று நீ ஏலம் விட்டபோது எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று இப்போது தெரிகிறது. நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒரு மனுஷன் தனக்குத்தானே கொடுத்த வாக்கில் ஒன்றையாவது காப்பாற்றவேண்டாமா? இந்த ஒன்றுதான் நின்றிருக்கிறது. இருநூற்றுச் சொச்சம் நாள். இன்னும் மூன்று மாதம். இதையும் விட்டால் நான் எப்படிப்பட்டவன் என்பது முடிவாகிவிடும்.

அசட்டுத்தனம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஃப்ளோரன்ஸும் அதைத்தான் சொன்னாள், வேறு வார்த்தையில்.

திங்கட்கிழமை ஏலம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வருவேன். நாள் முழுக்க இருப்பேன். பேசமாட்டேன். குரல் வரும், பயப்படாதே.

ஞானம்


காசிமேடு
20-10-1953

மாப்ளே,

பிழைத்தேன். வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. கஞ்சிதான் ஆகாரம். கிறிஸ்துமஸ் வரை வாய் திறக்கக்கூடாதாம், அதற்குப் பிறகு பார்க்கலாமாம். வெட்டின அன்று நாள் முழுக்க நீ கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாயென்று ரோசி சொன்னாள்.

நாளை முதல் கடற்கரைக்கு வருகிறேன். நான் இல்லாத நாளில் நெத்திலிக்கு நீ வைத்த விலை அநியாயம் என்று சொக்கம்மாள் வீடு தேடி வந்து முறையிட்டாள். சந்தோஷமாக இருந்தது.

தாமஸ்


ராயபுரம்
27-12-1953

அன்புள்ள மச்சான்,

வருஷாந்தர அறிக்கை.

பொடி: தோல்வி. முன்னைவிட அதிகம், மீன் நாற்றத்துக்கு வேறு வழியில்லை. நீச்சல்: தோல்வி. தினமும் கடல் பக்கத்திலேயே நின்றும் முழங்காலுக்கு மேல் நனையவில்லை. அகராதி: 'பி'யில் பாதி. நாலு மணிக்கு எழுவதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை. வயிற்று வலி: ஜூனுக்குப் பிறகு இல்லை. உரக்கப் பேசுவது: நான் ஒரு நாளும் அதற்காக முயற்சி செய்யவில்லை, சொக்கம்மாளோடு சண்டை போட்டதுதான், அதனால் அதை வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. வேண்டுமானால் நீ எழுதிக்கொள்.

முதல் தீர்மானம்: இன்னும் நாலு நாளில் முழுதாக நிறைவேறுகிறது. ஜனவரி ஒன்றாம் தேதி சிரித்தவன் நீ என்பதால் சரிபார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியவனும் நீதான். இத்தோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். 'மேற்படி ஞானப்பிரகாசம் 1953ஆம் வருஷம் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை' என்று எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்திட்டு அனுப்பவும்.

கிறிஸ்துமஸுக்கு டாக்டர் உன்னைப் பேசச் சொல்லிப் பார்த்தாராமே? என்ன ஆயிற்று என்று கேட்டால் ரோசியும் ஃப்ளோரன்ஸும் வாயே திறக்கமாட்டேன் என்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் இந்த வியாதி பரவிவிட்டது.

ஞானம்


காசிமேடு
29-12-1953

அன்புள்ள மாப்ளே,

அவர்களைச் சொல்லவேண்டாம் என்றவன் நான்தான். நானே சொல்லவேண்டும் என்றிருந்தேன்.

குரல் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. டாக்டர் "பேரைச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அவர் குனிந்து, "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். "என்ன?" அப்போதுதான் புரிந்தது, இருபத்தாறு வருஷமாக உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று. இனிமேல் இவ்வளவுதானாம். வீட்டுக்குள் பேசலாம், கடற்கரையில் முடியாது. ரெண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். கட்டுமரக்காரர்களிடம் கேட்டேன், சிலேட்டில்தான். ஞானம் ஏலம் விடட்டும், மீனைப் பார்த்து விலை வைக்க நீ பக்கத்தில் நில்லு, ரெண்டு பேரும் சேர்ந்துதான் எங்களுக்கு ஏலக்காரன் என்றார்கள். உனக்குச் சம்மதமா?

இனி உன் காகிதம். அதில் என்னால் கையெழுத்துப் போடமுடியாது.

அக்டோபர் அஞ்சாம் தேதி சாயங்காலம். ரோசியும் ஃப்ளோரன்ஸும் கஞ்சி வாங்கப் போயிருந்தார்கள். நான் மயக்கத்தில் இருப்பதாக நீ நினைத்தாய். மயக்கம் தெளிந்து அரைமணி ஆகியிருந்தது, கண்ணைத் திறந்தால் தலை சுற்றியது, மூடிக்கொண்டிருந்தேன். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். அன்றைக்கு வந்த மீனைப் பற்றிச் சொன்னாய். அந்த நாற்காலி ஏலத்தை நினைத்து நீயும் ஒருநாள் தனியாகச் சிரித்ததாகச் சொன்னாய். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்ந்திரு மச்சான். நீ போயிட்டா நான் யாரோட பேசாம இருக்கறது?" என்றாய்.

ரகசியமாகச் சொல்வதாக உனக்கு நினைப்பு. மூன்று மாதம் ஏலம் விட்ட வாய், மாப்ளே. வார்டு முழுக்கக் கேட்டது. நீ போன பிறகு அடுத்த கட்டில்காரர், "யாருப்பா அது, ஒன் தோஸ்தா? நல்லா அயுதாரு" என்று கேட்டார். எனக்கு நான்கு சாட்சி இருக்கிறது, ஒரு நர்ஸையும் சேர்த்து.

இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன். ஒன்றையாவது காப்பாற்றினோம் என்று நீ நிம்மதியாக இருக்கட்டும் என்று. ஆனால் பொய்யில் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதமும் அனுப்பினாய், நான் என்ன செய்ய? ஏலத்தில்கூட நான் பொய் எடை சொன்னதில்லை.

முதல் தீர்மானம்: தோல்வி.

தாமஸ்


காசிமேடு, உன் வீட்டு வாசல்
31-12-1953, மாலை

மச்சான்,

கடிதம் இன்று பகல்தான் வந்தது. தபாலில் பதில் போட்டால் அடுத்த வருஷம்தான் கிடைக்கும் என்பதால் கொண்டுவந்திருக்கிறேன்.

கணக்குப் போட்டேன். அக்டோபர் அஞ்சிலிருந்து இன்றுவரை எண்பத்தேழு நாள். சபதம் போன பிறகும் அத்தனை நாள் வீணாகப் பேசாமல் இருந்திருக்கிறேன். நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன்மேல் கோபமாக வருகிறது.

ஏலத்துக்குச் சம்மதம். பிப்ரவரியில் சீலா மீன் வர ஆரம்பிக்கும், அதற்கு என்ன விலை வைப்பது என்று எனக்குத் தெரியாது, இப்போதே சொல்லிக்கொடுக்கவேண்டும். ஃப்ளோரன்ஸும் பிள்ளைகளும் பின்னால் வருகிறார்கள், சாப்பாடு இங்கேதான் என்று ரோசியிடம் சொல்.

கதவைத் தட்டவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் எல்லாக் கதவும் திறக்கும், அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நீ அங்கிருந்து பதில் சொல்ல முயற்சி செய்யாதே, தொண்டை கெட்டுவிடும். எழுந்து வந்து திற. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல், எனக்குக் கேட்கும்.

ஞானம்